ஒரு புதன்கிழமையைக் கழித்தபின்

முகிலாவுக்கு இருபத்திரண்டு வந்தது.

தர்ஷினி பட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்தாள். பதினோரு வருடங்களாக அப்படித்தான் வைக்கிறாள். திரையைப் பார்ப்பதற்கு முன்பே எண் ஏறக்குறையத் தெரிந்துவிடும் அளவுக்குப் பழகியிருந்தது. இருபதை ஒட்டி வரும் என்று நினைத்தாள். வந்துவிட்டது.

நாற்பதைத் தாண்டினால் அன்றைக்கே பாதுகாப்பு ஆணை. பெண்ணுக்கு அரசு விடுதியில் அறை, கணவன் அந்தத் தெருப்பக்கம் வரக்கூடாது. நாற்பதுக்குக் கீழே என்றால் இருவருக்கும் ஆறு மாதம் ஆலோசனை. அந்த ஆறு மாதமும் அவள் அதே வீட்டில்தான் இருக்க வேண்டும்.

"எவ்வளவுங்கக்கா?" எதிர் நாற்காலியில் இருந்த முகிலா கேட்டாள். இருபத்தெட்டு வயது. திரைச்சீலை தைக்கும் கம்பெனியில் வேலை என்று மனுவில் போட்டிருந்தது.

"இருபத்திரண்டும்மா."

"நூத்துக்குங்களா?"

"ஆமா."

முகிலா சிரித்தாள். "பத்தாவதுல கணக்குப் பரீட்சையில வாங்குனதே இதைவிட அதிகமுங்க." சிரிப்பு முடிந்ததும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லிக்கலாங்களா?"

"கூடாதும்மா. சட்டம் அப்படி."

அவளுக்குப் பின்னால் சுவரில் பெரிய எழுத்தில் இருந்தது: உடம்பு பேசும். நீங்கள் பேசத் தேவையில்லை. அந்த வாசகத்தை எழுதியவர்கள் நல்லவர்கள். வாய்விட்டுச் சொன்ன பெண்களை, காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் மாமியார் வீட்டுக் கூடத்திலும், யாரும் நம்பாமல் போன எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, பெண்கள் சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடி வாங்கிய சட்டம் இது. ஒரு பெண்ணின் உடம்பு கடந்த ஏழு நாளில் பட்டதைப் பட்டை எடுத்துக்கொள்ளும். பத்தில் ஒரு பங்காகக் குறைத்து இன்னொரு பெண்ணின் உடம்புக்குள் இறக்கும். அந்த இன்னொரு பெண்தான் ஏற்பாளர். உள்ளே காட்சி எதுவும் தெரியாது, குரல் கேட்காது. மூச்சு, நெஞ்சுத் துடிப்பு, வயிறு, தசை, அவ்வளவுதான். உடம்பு பொய் சொல்லாது என்பதால் யாரும் யாரையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதில்லை. பேச்சு ஏற்பாளரின் மனதைச் சாய்த்துவிடும் என்று பிற்பாடு ஒரு திருத்தம் வந்தது. அதிலிருந்து பேச்சே நின்றுபோயிற்று.

முகிலாவின் நாட்களில் தர்ஷினி என்ன கண்டாள்? சாயங்காலமானால் கழுத்து ஒரே பக்கமாகத் திரும்பியது. எதையோ கேட்டதுபோல் வயிறு உள்ளுக்குள் இழுத்துக்கொண்டது. எதையோ சத்தமில்லாமல் வைப்பதுபோல் முழங்கையிலிருந்து விரல்வரை தசைகள் இறுகின. ஒரே ஒரு நாள், வியாழனாக இருக்கலாம், இடது மேற்கையில் இறுக்கிப் பிடித்த வலி. மற்றபடி ஒரு வீடு. வீடு என்றால் இப்படித்தானே இருக்கும் என்று தர்ஷினியின் உடம்பு அதைச் சலனமில்லாமல் வாங்கிக்கொண்டது.

"வேற யாராச்சும் ஒருக்கா பாக்கலாமுன்னு எங்க சூப்பர்வைசரம்மா சொன்னாங்க," என்றாள் முகிலா.

"பாக்கலாம். மறுஏற்புன்னு ஒரு படிவம் இருக்கு. தர்றேன்."

எடுத்துக் கொடுத்தாள். பதினோரு வருடத்தில் அந்தப் படிவத்தைக் கேட்டவர்கள் பத்துப்பேர்கூட இல்லை. மற்றவர்கள் எண்ணைக் கேட்டதும், தங்கள் உடம்பே தங்களைக் காட்டிக் கொடுத்துவிட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். சங்கவி என்று ஒரு பெண். இரண்டு வருடத்தில் மூன்று தடவை வந்தாள். முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்துநான்கு. மூன்றாம் தடவை போகும்போது, "உங்க நேரத்தை வீணாக்கிட்டேனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை. நிலைமை சரியாகியிருக்கும் என்று தர்ஷினி நினைத்துக்கொண்டாள்.

இந்த மாவட்டத்தில் எண்கள் எப்போதும் குறைவு. அமைதியான குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் என்று இரண்டு முறை கேடயம் கூடக் கொடுத்தார்கள். அது நீதிபதி அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது.

மறுஏற்புக்குப் பதினேழு நாள் ஆயிற்று. பக்கத்து மாவட்டத்திலிருந்து பிரணிதா என்று ஓர் ஏற்பாளர் வந்தாள். பட்டையைக் கழற்றும்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது.

எழுபத்தொன்று.

*

இருபதுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கருவியைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. மறுநாள் மதியம் ரெஹானா வந்தாள். மண்டலத்தில் உள்ள எல்லாப் பட்டைகளையும் பார்ப்பவள் அவள்தான். தோளில் ஒரு பை, கையில் ஒரு பொட்டலம் முறுக்கு.

"எடுத்துக்கங்கக்கா. வர்ற வழியில வாங்குனது." இரண்டு மணிநேரம் எதையெதையோ இணைத்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மெஷின்ல கோளாறே இல்லீங்க. உங்களுக்குள்ள இறங்குனதும் பிரணிதாவுக்குள்ள இறங்குனதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"அப்புறம் எப்படி நம்பர் மாறுது?"

"கழிக்கறதுலதான் மாறுது. இப்ப உங்களுக்கு முதுகுவலி இருக்குதுன்னு வெச்சுக்கங்க. முகிலாவோட வலி உங்களுக்குள்ள வர்றப்ப, எது அவ கொண்டாந்தது, எது உங்க சொந்தச் சரக்குன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் வேலையில சேர்றப்பவே உங்க சாதாரண நாள் ஒண்ணை வாங்கி வெச்சுக்குது. வந்ததுல அதைக் கழிச்சுட்டு மீதியைச் சொல்லுது."

"தெரியும். பயிற்சியில சொன்னாங்க."

"அந்தச் சாதாரண நாளைத்தான் பாக்கோணும். நானே போட்டுப் பாக்கறனுங்க."

தர்ஷினி முறுக்கை உடைத்தபடி சரி என்றாள்.

ரெஹானா பட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். ஒரு நாள் நாற்பது நிமிடத்தில் ஓடி முடியும். முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. காலை நேரமாக இருக்கும். அதன்பிறகு ரெஹானாவின் தோள்கள் மெல்ல மேலே ஏற ஆரம்பித்தன. காதுவரை ஏறி அங்கேயே நின்றன. செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கித் தரையைப் பிடித்தன. யாரும் வராத வாசல்பக்கம் ஒரு தடவை முகம் திரும்பியது. தர்ஷினி எத்தனையோ மனுதாரர்களின் உடம்பை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறாள். வெளியிலிருந்து ஓர் உடம்பை இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் ரெஹானா பட்டையைப் பிடுங்கி எடுத்தாள்.

"ஏனுங்கக்கா, இது யாரு கேஸு?"

தர்ஷினி கையிலிருந்த முறுக்கைப் பொட்டலத்திலேயே வைத்தாள்.

"இது யாரோ மனுதாரர் பதிவுங்க. உங்க இடத்துல மாறி உக்காந்திருக்குது. நாலு மாசத்துக்கு முன்னால பழைய பதிவெல்லாம் புது சர்வருக்கு மாத்துனாங்கல்ல, அப்பத்தான் ஆயிருக்கோணும்." அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். "யப்பா. அடி ஒண்ணும் விழலைங்க. ஆனா நாள் பூரா அது விழுமுன்னு காத்துக்கிட்டே இருக்குது அந்த உடம்பு. எண்பது வருங்க இதுக்கு. பாவம், யாரோ என்னமோ. அவங்களுக்கு ஆணை கெடச்சுதா இல்லையான்னு தேடிப் பாக்கோணும்."

"தேடு," என்றாள் தர்ஷினி.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. நாலு மாச நம்பரை மட்டும் திருத்திட்டா முடிஞ்சுது. நாளைக்கு நீதிபதியம்மாகிட்ட அறிக்கை வெச்சுடறேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். அப்புறமா வீட்ல உக்காந்து புதுசா ஒரு நாள் பதிஞ்சு குடுங்க."

*

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தர்ஷினி அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். ஒரு புதன்கிழமை. எந்த நாளைப் பதிவது என்பதை ஏற்பாளரே முடிவு செய்யலாம், ஒரு மாத அவகாசம் உண்டு என்றார்கள். சண்டை சச்சரவு கூடாது, விசேஷமும் கூடாது. அவள் பட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இருபது நாள் காத்திருந்தாள். அந்தப் புதன்கிழமை கிஷோர் சொன்ன நேரத்துக்கு வந்தான். சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. கிரிக்கெட்டில் அவன் அணி ஜெயித்தது. அவளைக் கூப்பிட்டு அந்தக் கடைசி ஓவரைத் திரும்பவும் போட்டுக் காட்டினான். படுக்கும்போது, இதுதான் நல்ல நாள், இதையே கொடுத்துவிடலாம் என்று மகிழ்ச்சியாக நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அதற்கு எண்பது.

கிஷோர் அடிக்கிற ஆள் இல்லை. பத்தொன்பது வருடத்தில் மூன்று தடவை. கடைசித் தடவை நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. தன் வீட்டையும் மனுதாரர்களின் வீட்டையும் அவள் ஒரு நாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அது அவர்கள் வீடு, இது நம் வீடு. அவர்கள் கோர்ட்டுக்கு வருகிறவர்கள், நாம் கோர்ட்டில் வேலை பார்க்கிறவர்கள்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றாள். ஆறரைக்கு லிஃப்ட் நான்காவது மாடியில் நிற்கும் மணிச்சத்தம். அன்றைக்கு முதன்முதலாக, கழுத்தில் பட்டை இருப்பதாக எண்ணிக்கொண்டு, அவள் தன் உடம்பைக் கவனித்தாள். வயிறு உள்ளே போயிற்று. சாவி துவாரத்தில் நுழைவதற்கும் திரும்புவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று உடம்பு பார்த்தது. வேகமாகத் திரும்பினால் பரவாயில்லை. இன்று மெதுவாகத் திரும்பியது. நாக்கு மேலே போய் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த நாக்கை எத்தனை பெண்களிடம் பார்த்திருக்கிறாள்! நாக்கு இருக்கிற இடமே அதுதான் என்றல்லவா நினைத்திருந்தாள்.

"என்ன, பேச்சையே காணோம்?" கிஷோர் காலணியைக் கழற்றினான். டயர் விற்கும் கடையில் மேலாளர். "இன்னைக்கு எவ அழுதா?"

"யாரும் அழல."

"அன்னைக்கு ஒருத்தி வந்தாளே, இருபத்திரண்டு. அவ என்ன ஆனா?"

"மறுஏற்புக்குப் போனா."

"இருபத்திரண்டுக்கு அதுவேறயா? ஊட்ல வேலைவெட்டி இல்லாததுக." அவன் சிரித்தான். சொந்தக்காரர்கள் வந்தால் ஒரு நகைச்சுவை சொல்வான். என் பொண்டாட்டி சர்டிபிகேட் குடுத்தா எங்க வீடு ஜீரோ. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேசையின் விளிம்புக்கு நகர்த்தினான். பாதி அடிப்பாகம் வெளியே நின்றது. டிவியைப் பார்த்தபடி இருந்தான். சூடு போதவில்லை என்று அர்த்தம். வாயால் சொல்லமாட்டான். அவளாகப் பார்த்து எடுத்துப் போக வேண்டும். பார்க்கத் தவறினால் டம்ளர் இன்னும் ஒரு விரற்கடை நகரும்.

அவள் எடுக்காமல் நின்று பார்த்தாள். தன் நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்டது. ஒரு டம்ளருக்கு.

"என்ன நிக்கற?" என்றான் கிஷோர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். குரல் உயரவில்லை.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டீ கொதிக்கும்வரை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். முகிலாவுக்கு எழுபத்தொன்றே போதும், ஆணை கிடைத்துவிடும். நாலு மாதக் கணக்கு திருத்தப்படும். புதிய நாளைப் பதிய ஏதாவது ஒரு விடுதியில் அறை எடுத்துத் தனியாக இருந்துவிட்டு வரலாம். அந்த நாலு மாதத்துக்கு முன்னால் வந்த பெண்கள் மட்டும் விட்டுப்போவார்கள். அவர்கள் கையில் அவள் கொடுத்த தாள் இருக்கிறது. உன் வீடு சாதாரண வீடு என்று எண்ணாக எழுதிய தாள். யாரும் கேட்காதவரை அது அப்படியே இருக்கும்.

யார் கேட்கப் போகிறார்கள்?

*

நீதிபதி பிரகதிக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரெஹானாவின் அறிக்கையைப் படித்தார். அறையில் ரெஹானா, எழுத்தர் தண்டபாணி, தர்ஷினி. ஆணை வாங்க வந்த முகிலா ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"முகிலா, எழுபத்தொண்ணை ஏத்துக்கிட்டேன். ஆணை தயாரா இருக்கு. வாங்கிட்டுப் போகலாம்." நீதிபதி தர்ஷினியிடம் திரும்பினார். "பதிவு மாறியிருக்குன்னு எழுதியிருக்காங்க. படிச்சிட்டீங்களா? கையெழுத்துப் போட்டுடுங்க."

பேனாவை நீட்டினார்கள். தர்ஷினி வாங்கிக்கொண்டாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து எடுப்பது ஏதோ சுவரில் ஒட்டிய காகிதத்தை உரிப்பது போலிருந்தது.

"மாறலைங்கம்மா."

"என்ன?"

"அந்தப் பதிவு மாறல. அது என்னோடதுதான். நான் குடுத்த நாள்தான்."

"அக்கா," என்றாள் ரெஹானா.

"நாலு மாசம் இல்லீங்க. பதினோரு வருஷமும் தப்பு. ஆயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு பேர்."

நீதிபதி அறிக்கையை மூடி வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரிம்மா. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். பிரணிதாவை வரச் சொல்றேன். பட்டையைப் போட்டுக்கிட்டு உக்காருங்க, அது போதும். எண்ணு வந்துடும். உங்களுக்கும் சங்கடமில்லை."

அன்பாகத்தான் சொன்னார். தர்ஷினியும் இத்தனை வருடம் இதே அன்போடுதான் சொல்லி வந்தாள்.

"வேண்டாங்கம்மா. வாயால சொல்றேன். எழுதிக்கச் சொல்லுங்க."

தண்டபாணி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுதறதுக்கு இதுல எடமே இல்லீங்களே. நம்பர் கட்டம் மட்டுந்தான் இருக்குது."

"பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு? திருப்பிப் போட்டு எழுதுங்க," என்றார் நீதிபதி.

தர்ஷினிக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. பதினோரு வருடம் இந்த அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தும் ஒரு பெண் தன் கதையை எப்படித் தொடங்குவாள் என்று அவள் கேட்டதே இல்லை.

"என் வீட்டுக்காரர் என்னை அடிக்கறதில்லீங்க," என்று தொடங்கினாள். தொடங்கியதும் அது அவருக்கான வக்காலத்து போல் ஒலித்தது. நிறுத்தினாள். "மூணு தடவை அடிச்சிருக்கார். அந்த மூணு தடவையை வெச்சுத்தான் பத்தொம்பது வருஷம் ஓடியிருக்கு. நாலாவது தேவைப்படல."

சாவியைப் பற்றிச் சொன்னாள். கல்லூரி விடுதியிலிருந்து வரும் மகள் ஒவ்வொரு முறையும் விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போதே கிளம்பிவிடுவதைச் சொன்னாள். டம்ளரைச் சொன்னாள்.

தண்டபாணி தலையை நிமிர்த்தினார். "டம்ளரையுங்களா எழுதறது?"

"எழுதுங்க."

சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் எவ்வளவு சின்னதாகக் கேட்கிறது என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. இதற்காகவா என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. இரண்டு தாள் ஆயிற்று.

அவள் முடித்தபோது முகிலா எழுந்து நின்றாள்.

"பதினேழு நாளுங்க," என்றாள். "நீங்க பாவந்தானுங்கக்கா. நான் இல்லேன்னு சொல்லலீங்க. ஆனா பதினேழு நாளு நான் அந்த ஊட்டுல இருந்தேன். உங்க நம்பரை நம்புனேன். மத்த பொம்பளைக எல்லாம் சமாளிக்கறாங்க, எனக்குத்தான் பொறுமை பத்தலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேனுங்க. நீங்க பட்டை போட்டுப் பாத்தீங்களே, ஒருக்கா எம்மூஞ்சியப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்குமே!"

"ஆமாம்மா," என்றாள் தர்ஷினி.

முகிலா இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். பிறகு ஆணையை வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனாள்.

*

அன்று சாயங்காலம் தர்ஷினி வீட்டுக்குப் போகவில்லை. வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தது. கிஷோர் தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமிருந்தது.

"நான் உன்னை அடிச்சேனா? ஊரெல்லாம் கேக்குது. சொல்லு, அடிச்சேனா? மூணு தடவைதானே!"

அவனும் எண்ணி வைத்திருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் போயின. உங்கள் எண் தவறு, விரும்பினால் மறுபடி வரலாம் என்று நான்கு வரி. நூற்றுக்கும் மேற்பட்டவை அந்த முகவரியில் ஆளில்லை என்று திரும்பி வந்தன. சங்கவியின் கடிதமும் அதில் இருந்தது. தர்ஷினி அதைப் பிரிக்காமல் தனியாக எடுத்து வைத்தாள். தேடிப் பார்க்கும்படி காவல் துறைக்கு எழுதியிருக்கிறது. பதில் வரவில்லை.

அவள்மேல் துறை விசாரணை நடக்கிறது. அது முடியும்வரை பட்டையைத் தொடக்கூடாது. பிரணிதாவுக்கு அவள் மாவட்டமே சுமை. மாற்று ஏற்பாளர் வரும்வரை, நீதிமன்றத்தில் உள்ள மூத்த பெண் அலுவலரின் சாதாரண நாளை வாங்கி, அவரையே தற்காலிக ஏற்பாளராக்கிக் கருவியை ஓட்டலாம் என்று தலைமையகம் எழுதியது. மூத்த பெண் அலுவலர் என்றால் நீதிபதி பிரகதிதான். ரெஹானா ஒரு வெள்ளிக்கிழமை வந்து பட்டையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்குள் பெண்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முதல் வாரம் ஒன்பது பேர். அடுத்த வாரம் நாற்பதுக்கு மேல். கருவி ஓடவில்லை, என்ன செய்வது என்று தண்டபாணி கேட்டார். அதுவரைக்கும் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்றார் நீதிபதி. தண்டபாணிக்குக் கை வலித்தது. பட்டையைத்தான் தொடக்கூடாது, பேனாவைத் தொடலாமே என்று அவர்தான் தர்ஷினியை உட்கார வைத்தார். அவள் எழுதினாள். சில பெண்கள் அவள் யாரென்று தெரிந்து எழுந்து போனார்கள். சிலர் தெரிந்தும் உட்கார்ந்தார்கள். பலருக்கு முதல் வாக்கியம் அவளுக்கு வந்தது போலவே வந்தது. அவர் நல்லவர்தானுங்க. குடிக்கறதில்லீங்க. அவள் அதையும் எழுதிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருக்கப் பழகினாள்.

நீதிபதி தாள்களை வாங்கிப் படித்து ஆணை போட்டார். மேல்முறையீடு வந்தால் நிற்காது என்று வக்கீல்கள் பேசிக்கொண்டார்கள்.

"ஏனுங்கக்கா," ரெஹானா தொலைபேசியில் சலித்துக்கொண்டாள், "நீதிபதியம்மா அந்த நாளை இன்னும் அனுப்பலைங்க. முதல் வாரம் ஊருக்குப் போயிருந்தேன்னாங்க. ரெண்டாவது வாரம் சார்ஜ் போடலையாம். இப்ப மூணாவது வாரம். தலைமையகத்துல எங்கழுத்தைப் புடிக்கறாங்க. நீங்க கொஞ்சம் ஞாபகப்படுத்துங்களே."

"நான் கேக்க மாட்டேன் ரெஹானா. நீயும் கேக்காத."

"சரிங்க," என்றாள் ரெஹானா.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதிய உணவு வேளையில் வரிசை கலைந்திருந்தது. தண்டபாணி சாப்பிடப் போயிருந்தார். தர்ஷினி எழுதிய தாள்களை நூல் கோத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது நீதிபதி பிரகதி உள்ளே வந்தார். கையில் பட்டையின் பெட்டி. நிற்கட்டுமா என்று யோசிப்பவர் போல் வாசலருகே தயங்கிவிட்டு, மனுதாரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியை மேசைமேல் வைத்தார். அதன் ஒட்டுத்தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்றாள் தர்ஷினி.

"அப்புறம் சாப்பிடறேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "இன்னும் என் நாள் வரலைன்னு எழுதிக் கேட்டிருக்காங்க."

"தெரியுங்கம்மா."

"முப்பத்தஞ்சு வருஷமாச்சு எனக்குக் கல்யாணமாகி. மூணு வாரமா ஒவ்வொரு நாளாத் தேடிப் பாக்கறேன்." பெட்டியை விரலால் தர்ஷினியின் பக்கம் தள்ளினார். "அனுப்ப முடியாதும்மா."

தர்ஷினி நூலைக் கீழே வைத்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். இந்த முறை உடனே எழுதவில்லை. எதிரில் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.